கிளிப்பிங் மாஸ்க்: அடிக்கடி சறுக்கும் இடங்கள்

கிளிப்பிங் மாஸ்க் என்பது ஒரு வடிவத்துக்குள் மட்டும் படம் தெரியும்படி மற்றதை மறைப்பது. வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கு கன்ட்ரோல் 7 அழுத்தியும் மாஸ்க் சரியாக விழவில்லையா? முதலில் அடுக்கு வரிசையைப் பாருங்கள். தேர்ந்தெடுத்தவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் மாஸ்க் ஆகும். புகைப்படத்தை வட்டத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் வட்டம் மேலே இருக்க வேண்டும். அடியில் கிடந்தால் நடக்காது. ஏனென்றால் வெக்டர் வடிவமோ (புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்தது) எழுத்தோ மட்டுமே மாஸ்க் ஆக முடியும், புகைப்படம் ஆகாது. இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் இதற்குப் பெயர் கிளிப்; அங்கும் மேலிருப்பதே கிளிப். வட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஹோம் விசையைத் தட்டினால் அது உச்சிக்கு வந்துவிடும்.

அடுத்தது, பல வடிவங்களை ஒரே மாஸ்க்காக்கும்போது வரும் சிக்கல். ஒரு சொல்லை அவுட்லைன் ஆக்கி (எழுத்துகளை வடிவங்களாக மாற்றி), குரூப்பைப் பிரித்துவிட்டு மாஸ்க் போட்டால் ஓர் எழுத்துக்குள் மட்டும்தான் படம் தெரியும். எல்லா எழுத்துகளையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் 8 அழுத்தி ஒரே காம்பவுண்ட் பாத் (பல வடிவங்கள் சேர்ந்த ஒற்றை வடிவம்) ஆக்குங்கள், அதன் பிறகு மாஸ்க். வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஏறிய பகுதி ஓட்டையாகிவிடக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் பாத்ஃபைண்டரில் (வடிவங்களை இணைக்கவும் வெட்டவும் உள்ள பலகம்) யுனைட் கொடுத்து ஒட்டிவிடுவது நல்லது.

மாஸ்க்குக்கு வடிவத்தின் பரப்பு மட்டுமே கணக்கு. ஸ்ட்ரோக்கின், அதாவது கோட்டின், தடிமன் கணக்கில் வராது. தடித்த கோடு ஒன்றை வரைந்து அதற்குள் படத்தை நுழைக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அவுட்லைன் ஸ்ட்ரோக் கொடுத்து (இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் டு பாத்) கோட்டை வடிவமாக்கிவிட்டால் சரியாகும். இல்லஸ்ட்ரேட்டரில் மாஸ்க் ஆனதும் அந்த வடிவத்தின் நிறமும் கோடும் அழிந்துபோகும். விளிம்பில் கோடு வேண்டுமானால், டைரக்ட் செலக்‌ஷனால் விளிம்பை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி கொடுக்கலாம். இதற்காகத் தனியாக இன்னொரு வட்டம் வரைந்து மேலே வைக்கத் தேவையில்லை. படத்தை நகர்த்தும்போது அது விட்டுப்போகும்.

இங்க்ஸ்கேப்பில் பலரைக் குழப்புவது நிழலும் மங்கலும். கிளிப் செய்த பொருளுக்கு பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்தால் ஓரம் கத்தி போல வெட்டுப்பட்டே நிற்கும். இங்க்ஸ்கேப்பின் கோப்பு வடிவமான எஸ்விஜி முறையில் ஃபில்டர் முதலில் ஓடுகிறது, கிளிப் அதற்குப் பிறகுதான் வருகிறது. வெளியே பரவிய மங்கலையும் கிளிப் நறுக்கிவிடுகிறது. கிளிப் செய்த பொருளை ஒரு குரூப்புக்குள் போட்டு, அந்த குரூப்புக்கு ஃபில்டர் கொடுங்கள். நிழல் வெளியே விழும். ஓரம் படிப்படியாகக் கரைய வேண்டுமென்றால் கிளிப்பால் முடியாது. இங்க்ஸ்கேப்பில் மாஸ்க், இல்லஸ்ட்ரேட்டரில் ஒப்பாசிட்டி மாஸ்க் என்று போக வேண்டும். அங்கே வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட விலை கொடுக்க வைக்கும் தவறு, மறைந்ததை வெட்டப்பட்டதாக நினைப்பது. மாஸ்க்குக்கு வெளியே உள்ளது கோப்பிலேயே இருக்கிறது. பெரிய புகைப்படத்தில் ஒரு மூலை மட்டும் தெரிந்தாலும் கோப்பு முழுப் படத்தின் கனத்தையும் சுமக்கும். ஒரு முகத்தையோ கணக்கு எண்ணையோ மறைக்க மாஸ்க் போட்டு மூலக்கோப்பை அனுப்பினால், பெறுபவர் கன்ட்ரோல் ஆல்ட் 7 அழுத்தி மாஸ்க்கை விடுவித்தாலே போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரங்களிலும் இதே தொல்லை: பல மென்பொருள்கள் மாஸ்க்கைப் பொருட்படுத்தாமல் உள்ளிருக்கும் முழுக்கோட்டையும் வெட்ட அனுப்பிவிடும். நிஜமாகவே வெட்ட வேண்டியது வெக்டர் என்றால் பாத்ஃபைண்டரில் க்ராப். அது ஸ்ட்ரோக்குகளை எடுத்துவிடும் என்பதால் முன்கூட்டியே அவுட்லைன் ஸ்ட்ரோக் கொடுத்துவிடுங்கள். புகைப்படம் என்றால் க்ராப் இமேஜ்.

மாஸ்க்கை விடுவித்த பிறகு நிறமும் கோடும் இல்லாத வெற்று வடிவம் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே கிடக்கும். கன்ட்ரோல் ஒய் அழுத்தி அவுட்லைன் காட்சிக்குப் போனால் அகப்படும். பிடிஎஃப்-இலிருந்து திறந்த கோப்புகளில் இப்படிப்பட்டவை மூட்டை மூட்டையாக இருக்கும். ஆப்ஜெக்ட் மெனுவில் பாத், அதற்குள் கிளீன் அப் போய் அன்பெயின்டட் ஆப்ஜெக்ட்ஸைத் தேர்வு செய்தால் ஒரே வீச்சில் நீங்கிவிடும்.