மைதாவுக்கு அடியில் சர்க்கரை: பனிச்சரிவு பற்றிய முதல் பாடம்

தில்லி மயூர் விகாரில் குளிர் ஏறியதும் எங்கள் கூட்டம் காஷ்மீரி கேட்டில் இரவு பஸ் பிடித்து மணாலிக்குக் கிளம்பிவிடும். கடைவீதி சுற்றித் திரும்புவோருக்கு இந்தப் பாடம் வேண்டாம். பனி மூடிய மலைச்சரிவில் நடக்கப் போகிறவர்கள் மட்டும், டிக்கெட் எடுக்கும் முன் சமையலறைக்கு வாருங்கள்.

1. தாம்பாளத்தில் ஒரு துண்டை இறுக்கமாக விரியுங்கள். அதன்மேல் சர்க்கரையை மெல்லப் பரப்புங்கள். அதற்கும் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மைதாவைக் கொட்டி உள்ளங்கையால் இலேசாக அழுத்துங்கள். (நல்ல மைதாவைப் பாழாக்குகிறாயே என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தார்.) இப்போது ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். மைதா நகராமல் நிற்கும்போதே மேலே ஒரு விரலால் தட்டுங்கள். குறுக்கே ஒரு விரிசல் ஓடும். பாளம் முழுவதும் ஒன்றாக வழுக்கி இறங்கும்.

காற்று அடித்து இறுக்கிய புதுப்பனிதான் அந்த மைதா. சர்க்கரை, முன்பனிக்காலத்தின் மெல்லிய பனி கடுங்குளிரில் ஒட்டாத மணிகளாக மாறிய அடுக்கு. அது வாரக்கணக்கில் புதைந்தே கிடக்கும். வானம் பளிச்சென்று இருந்தாலும் கிடக்கும். தட்டிய விரல் நீங்கள். பாளச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கிளப்பியது அவர்களே, அல்லது உடன் வந்தவர்.

2. சாய்வை அளக்கப் பழகுங்கள். ஊன்றுகோலைப் பனிமேல் படுக்கவைத்து, அதன்மேல் சாய்வு காட்டும் மட்டமானிச் செயலியைத் திறந்த கைபேசியை வைத்தால் போதும். 30 முதல் 45 டிகிரி வரைதான் பெரும்பாலான பாளங்கள் கிளம்புகின்றன. உங்கள் காலடி சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலுள்ள சரிவைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணாவில் 8 தொழிலாளர்களைப் பலிகொண்ட பனிச்சரிவு, அவர்கள் தங்கியிருந்த முகாமின்மேல்தான் வந்து விழுந்தது.

3. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள். உலகில் பரவலாக வழங்கும் அளவுகோலுக்கு ஐந்து படிகள். மூன்று என்றால் பாதிதானே என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே ஆள் மிதித்துப் பனிச்சரிவைக் கிளப்பும் வாய்ப்பு அந்தப் படியிலேயே அதிகம். பெரும்பனி பொழிந்த மறுநாள் விடுதியில் தேநீர் குடியுங்கள்.

4. டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பவும் வாங்கவும் உதவும் கருவி), பனியில் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, உலோக மண்வாரி: மூன்றும் ஆளுக்கொன்று. குழுவுக்கு ஒன்று போதும் என்பவருடன் போகாதீர்கள், ஏனென்றால் அது அவரிடமே இருக்கும்போது அவரே புதைந்தால்? கால் மணிக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதைக் கடந்தால் மளமளவெனக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புப் படை வர அவ்வளவு நேரம் இராது. எனவே தில்லியிலேயே பூங்காவில் ஒருவர் ஒரு டிரான்ஸீவரைச் சருகுக்குள் ஒளிக்கட்டும், மற்றவர் தேடட்டும். தேடும்போது கைபேசியை அணைத்துவிடுங்கள், அது சமிக்ஞையைக் குழப்பும். எங்கள் முதல் முயற்சிக்கு 22 நிமிடம் ஆயிற்று. காவலாளி வந்து என்ன தொலைந்தது என்று விசாரித்தார்.

5. சரிவைக் கடக்கும்போது ஒருவர் மட்டும் நடக்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கும் ஒலி கேட்டால், அடியிலுள்ள சர்க்கரை நொறுங்கிவிட்டது. வந்த தடத்திலேயே திரும்புங்கள்.