மாரடைப்புக்கு அப்புறம் தைராய்டு மாத்திரை: நான் சாப்பிடும் முறை

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் தை மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம். 55-க்கு மேல் இருந்தால் நல்லது என்றார்கள். கூடவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 8. டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது ஏறும். “தைராய்டு மாத்திரை போட்டால் இதயம் தெம்பாகிவிடும்” என்று பக்கத்துப் பட்டறை மாமா கிளப்பிவிட, வீட்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அவசரப்படாதீர்கள். மாரடைப்பு வந்த சமயத்தில் டிஎஸ்எச் தாறுமாறாகக் காட்டலாம். ஆஞ்சியோவுக்கு ஏற்றும் மருந்திலும் அயோடின் இருக்கிறது, அதுவும் தைராய்டைக் குழப்பலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, டி4-ஐயும் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சேர்த்து மறுபடி பாருங்கள். அப்படிப் பார்த்தபோது எனக்கு டிஎஸ்எச் 14, டி4 குறைவு. அதனால்தான் மாத்திரை எழுதினார்கள். டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறியிருந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் ஆறு மருத்துவமனைகளில் அப்படிப்பட்ட மாரடைப்பு நோயாளிகள் 95 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு லெவோதைராக்ஸினும் (இதுதான் தைராய்டு மாத்திரை) மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வந்தது: மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பம்பிங் கூடவில்லை.

இதய நோயாளிக்கு 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில்தான் ஆரம்பிப்பார்கள். 25 மைக்ரோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்கு. வெள்ளித்தூளைக்கூட விடாமல் நிறுக்கும் என் தராசில் அது காட்டவே காட்டாது. இத்தனூண்டு மருந்து என்ன செய்துவிடும் என்று டாக்டரிடம் சொல்லாமல் இரண்டிரண்டாகப் போட்டேன். மூன்றாவது வாரம், குனிந்து பற்றவைக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது, கையில் நடுக்கம், கொலுசின் கண்ணி கோணிக்கொண்டது. நல்ல வசவு கிடைத்தது. ஹார்மோன் கூடினால் இதயம் வேகமாக அடிக்கும், அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். அடைப்பு இருந்த இதயத்துக்கு அது ஆபத்து. அளவை டாக்டர்தான் கூட்ட வேண்டும், அதுவும் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, டிஎஸ்எச் பார்த்து.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுங்கள். எனக்குக் கஷ்டம் காபிதான். ஏற்காட்டுக் கொட்டை வாங்கி அரைத்து வைத்திருக்கிறோம், அடுப்படியில் டிகாஷன் இறங்கும் வாசனை வரும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மணி நேரம். காபி மருந்தைச் சரியாக உடம்பில் ஏறவிடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். பாட்டிலை நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள். நான் பட்டறையில் வைத்திருந்து ஒரு பாட்டிலைக் குப்பையில் போட்டேன். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள்.

ஆஸ்பிரின், ஸ்டாட்டின் போன்ற இதய மாத்திரைகளை இதற்காக நிறுத்தவே கூடாது. நெஞ்சு வலித்தால் 108.

இப்போது டிஎஸ்எச் 3, பம்பிங் 47. இதய மாத்திரைகளுக்கும் நடைக்கும் அதில் பெரிய பங்கு என்கிறார் டாக்டர். மாமா மட்டும், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று பட்டறை வாசலில் நின்று கேட்கிறார்.