‘யூதருக்கு நற்செய்தி’ சர்ச்சை: பங்கு இளையோருக்கு வகுப்பு வைக்கும் முறை

யூதரைக் கிறிஸ்தவராக்க நற்செய்தி சொல்லலாமா, கூடாதா என்பதே இந்தச் சர்ச்சை. இதற்கான வகுப்பைத் தவக்காலத்தில், திருப்பாடுகளின் காட்சிக்கு (இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்துக்கு) ஒத்திகை தொடங்குமுன் வையுங்கள். யூதரைக் கொலைகாரராக நடித்துப் பழகிய பிறகு எந்த விளக்கமும் ஏறாது. 20 பேர், 90 நிமிடம், நாலைந்து விவிலியம், பிரவுன் பேப்பர் மூன்று போதும். சைவப் பிள்ளைகளும் வந்தால் இன்னும் நல்லது.

முதல் 20 நிமிடம் யூதர் பேச்சே வேண்டாம். “இலங்கையில் போர் முடிந்த பிறகு நிவாரணத்தோடு செபமும் வந்தபோது ஊரில் என்ன கதைத்தார்கள்?” என்று கேளுங்கள். ‘கஷ்டத்தில உதவினவை தானே’, ‘பசியைப் பாவிச்சவை’ இரண்டையும் எழுதுங்கள். எந்தச் சபையின் பெயரும் வரக்கூடாது; வந்தால் வகுப்பு சண்டையாகிவிடும்.

அடுத்து இஸ்ரேலின் 1977ஆம் ஆண்டுச் சட்டம். மதம் மாறப் பணமோ பொருளோ கொடுப்பவருக்கு 5 ஆண்டு வரை, வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. “அங்கே பிரசங்கமே தடை” என்று யாராவது சொல்வார்கள். அது தவறு, பெரியவர்களிடம் விசுவாசத்தைப் பேசுவதை இச்சட்டம் தடுக்கவில்லை.

யூதருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கே அதிக நேரம் கொடுங்கள். 1492இல் ஸ்பெயின் அவர்களிடம் சொன்னது: ஞானஸ்நானம் பெறு, அல்லது நாட்டை விட்டுப் போ. 1858இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் எட்கார்தோ மோர்த்தாரா என்ற ஆறு வயது யூதப் பையனைப் பாப்பரசின் காவலர் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். குழந்தையாக நோயுற்றிருந்தபோது வேலைக்காரப் பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தாளாம்; அதனால் அவன் கிறிஸ்தவன், யூத வீட்டில் வளரக்கூடாது என்றார்கள். பெற்றோருக்கு அவன் திரும்பக் கிடைக்கவேயில்லை. போரில் காணாமல்போன பிள்ளையைத் தேடித் திரியும் தாய்மாரின் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

பிறகு இரண்டு குழு. ஒன்றுக்கு உரோமையர் 1:16, ‘முதலில் யூதருக்கு’. 1996இல் யூதருக்கு நற்செய்தி சொல்லத் தீர்மானம் போட்ட அமெரிக்கத் தென் பாப்திஸ்தர் என்ற புரட்டஸ்தாந்து சபையின் பக்கம் அது. மற்றதற்கு 11:29, கடவுள் தம் அழைப்பைத் திரும்ப எடுப்பதில்லை. யூதரை நோக்கிய தனி நிறுவனப் பணியைக் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று 2015இல் வத்திக்கான் ஆணைக்குழு எழுதியது. தாழ்மையோடு சாட்சி சொல்வதை அது விலக்கவில்லை. 15 நிமிடத்தில் பக்கம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் முதலில் பிடித்த பக்கத்திலேயே நிற்பார்கள்.

பேச்சு காசாவுக்குப் போகும். அதை மூன்றாவது தாளில் எழுதி, இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

கடைசி 15 நிமிடம் நாடகப் பிரதியை எடுங்கள். இயேசுவின் பாடுகளை அன்றைய யூதர் எல்லோர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை) சொன்னது. ‘யூதர்கள்’ என்று பொதுவாக வரும் இடமெல்லாம் வெட்டி, தலைமைக் குருக்கள், பிலாத்து, படைவீரர் என்று அவரவர் பெயரைப் பேனையால் எழுதுங்கள்.