முதல் தடவை ரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு (வேலூர்ப் பக்கம்)

18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் கொடுக்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறவர்களுக்கு அவசரத்துக்குக் கூப்பிட மாமன் மச்சான் யாரும் பக்கத்தில் இல்லை, நாம்தான் இருக்கிறோம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் கொடுக்கலாம். காலேஜ் முகாமா, ரத்த வங்கியா என்றால் என் ஓட்டு ரத்த வங்கிக்கே. முகாம் வரிசையில் நின்றே பசி வந்துவிடும்.

முதலில் சாப்பாடு. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஆடிக் கிருத்திகை விரதம் என்றால் இன்னொரு நாள் பாருங்கள். நன்றாகத் தூங்கி, இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு, கிளம்புமுன் இரண்டு டம்ளர் தண்ணீர். கை தளர்வான சட்டை.

அடுத்து படிவம். கேள்விகள் சங்கடமாக இருக்கும், ஆனாலும் உண்மையை எழுதுங்கள். புதிதாகத் தொற்றிய கிருமி சில நாட்களுக்கோ, சில வாரங்களுக்கோ பரிசோதனையில் சிக்காது.

அப்புறம் ஹீமோகுளோபின். என்னைத் திருப்பி அனுப்பியது இங்கேதான். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த நீலத் தண்ணீரில் விடுவார்கள். சொட்டு மூழ்கினால் சரி, மிதந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஏனென்றால் ஹீமோகுளோபின் குறைந்தால் சொட்டின் அடர்த்தியும் குறைந்துவிடும். 12.5 கிராமாவது வேண்டும். சில இடங்களில் சின்ன மீட்டர் வைத்திருப்பார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும், எவ்வளவு குறைகிறது என்று எண்ணாகவே காட்டிவிடும். குறைவாக இருந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கூடவே நெல்லிக்காய் சேர்க்கலாம். ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நான் விட வேண்டியிருந்தது அந்த டீயைத்தான்.

மற்றது சுலபம். படுக்க வைத்து, பந்தை அமுக்கச் சொல்லி, பத்து நிமிடத்துக்குள் 350 மில்லி எடுத்துவிடுவார்கள், 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 வரை போகலாம். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். ஜூஸ் குடித்து கால் மணி நேரமாவது உட்காருங்கள், அதுவும் கத்திரி வெயிலில் உடனே வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், காட்பாடி பஸ் ஏறிப் போய்விடலாம். வீட்டில் அம்மா பயந்தால் சொல்லுங்கள்: போன நீர்ச்சத்து ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்களுக்குத்தான் சில வாரம் ஆகும். அதனால்தான் அடுத்த முறைக்கு ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் காத்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: பச்சை குத்தியிருந்தால் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வருடம் கழித்துப் போங்கள். மாதவிடாய் நாட்களிலும் வேண்டாம். ஊசி போட்ட இடம் நீலம் பாரித்துவிட்டது என்று பதறியவருக்கு: முதல் நாள் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், வீக்கம் கூடினாலோ கை மரத்துப்போனாலோ ரத்தம் கொடுத்த இடத்திலேயே போய்க் காட்டுங்கள்.