உங்கள் வார்டின் பணிச்சூழலுக்கு எத்தனை மதிப்பெண்? செவிலியர்களுக்கான எளிய செய்முறை

"நம்ம வார்டுல எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பார் மேலாளர். இரவு ஷிப்ட் முடித்து வருபவரைக் கேட்டால் வேறு கதை வரும். யார் சொல்வது சரி என்று வாதாடுவதைவிட அளந்து பார்த்துவிடலாம். கூட்டி வகுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: கேள்வித்தாளைத் தேர்ந்தெடுங்கள்

நீங்களே கேள்வி எழுத உட்கார வேண்டாம். சோதித்துப் பார்த்த கருவிகள் இருக்கின்றன. செவிலிய ஆய்வாளர் எய்லீன் லேக் 2002-ல் வெளியிட்ட பி.இ.எஸ்-என்.டபிள்யூ.ஐ (PES-NWI) என்ற செவிலியர் பணிச்சூழல் கேள்வித்தாள் பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளது. அதில் 31 வாக்கியங்கள், 5 பிரிவுகள்: மருத்துவமனை விவகாரங்களில் செவிலியர்களின் பங்கு, தரமான பராமரிப்புக்கான அடித்தளம், பொறுப்புச் செவிலியரின் தலைமை, ஆள்பலமும் வசதிகளும், மருத்துவர்-செவிலியர் உறவு. இது நீளம் என்று தோன்றினால், அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தின் 18 கேள்விக் கருவி இருக்கிறது. கீழே உள்ள கணக்கு முதல் கருவிக்கானது.

படி 2: பயமில்லாமல் பதில் சொல்ல வழி செய்யுங்கள்

பெரும்பாலான சர்வேக்கள் கெட்டுப்போவது இங்கேதான். பெயர் கேட்காவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதே படிவம் வயது, அனுபவம், ஷிப்ட் மூன்றையும் கேட்கும். 52 வயது, 28 வருட அனுபவம், இரவு ஷிப்ட் என்றால் அந்த வார்டில் அது ஒரே ஒருவராகத்தான் இருப்பார்! அவர் எல்லாவற்றுக்கும் "ஒப்புக்கொள்கிறேன்" போட்டுவிட்டுப் போய்விடுவார்.

வார்டும் ஷிப்டும் மட்டும் கேளுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். பொறுப்புச் செவிலியரே தாள்களை வாங்கி அடுக்குவதும் வேண்டாம். மூடிய பெட்டி ஒன்று வையுங்கள்.

படி 3: கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 4 (முழுமையாக ஒப்புகிறேன்) வரை மதிப்பெண். முதலில் பிரிவுவாரியாகச் சராசரி எடுங்கள். அப்புறம் அந்த ஐந்து சராசரிகளின் சராசரிதான் மொத்த மதிப்பெண். 31 வாக்கியங்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துவிடாதீர்கள். அடித்தளப் பிரிவில் 10 வாக்கியங்கள், மருத்துவர் உறவில் 3 மட்டுமே. ஒன்றாகக் கொட்டினால் பெரிய பிரிவு சின்னதை விழுங்கிவிடும்.

நடுப்புள்ளி 2.5. நான்கு அல்லது ஐந்து பிரிவுகள் அதைத் தாண்டினால் சூழல் சாதகம்; இரண்டு அல்லது மூன்று என்றால் கலவை; அதற்கும் குறைந்தால் பாதகம்.

படி 4: சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. 20 பேர் உள்ள வார்டு. ஆள்பலப் பிரிவில் பகல் ஷிப்டின் 12 பேர் தரும் சராசரி 3.5, இரவின் 8 பேர் தருவது 1.5. மொத்தச் சராசரி 2.7. தாளில் பார்த்தால் பாஸ். ஆனால் இரவில் ஆள் போதாமல் திண்டாடும் எட்டுப் பேர் அந்த 2.7-க்குள் காணாமல் போய்விட்டார்கள். ஷிப்ட்வாரியாகப் பிரித்தால்தான் தெரிவார்கள்.

படி 5: முடிவைச் சொல்லுங்கள்

பதில் தந்தவர்களுக்கே முதலில் காட்டுங்கள். மிகக் குறைந்த பிரிவில் ஒரே ஒரு விஷயத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைச் சரிசெய்யுங்கள். ஒரு வருடம் கழித்து அதே தாளை, ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி கொடுங்கள். கேள்வியை மாற்றினால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.