காணி உறுதிக்கு முன் காசுப்பாய்ச்சல்: கம்பனிக் கடனின் இடரை மதிப்பிடும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பனி கடன் கேட்டு வரும்போது மேசையில் முதலில் விரிக்கப்படுவது பெரும்பாலும் காணி உறுதிதான். அதனை ஒரு பக்கம் வைத்துவிட்டு மதிப்பீட்டைத் தொடங்குவது நல்லது. பரம்பரைக் காணி போய்விடும் என்ற பயம் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தலாம். கட்டுவதற்கான பணத்தை அது உண்டாக்காது.

கணக்காய்வு செய்யப்பட்ட மூன்று ஆண்டுக் கணக்குகள், வரி விவரத்திரட்டு, பன்னிரண்டு மாத வங்கிக்கூற்று, கம்பனிக்கும் பணிப்பாளர்களுக்கும் உரிய கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கை ஆகியவற்றைப் பெற்று, கணக்கில் காட்டப்பட்ட விற்பனையை வங்கிக்கு வந்த வரவுடன் ஒப்பிடுக. உறவினர் கம்பனிகளிடையே சுற்றிவரும் பணத்தை வரவிலிருந்து கழித்துவிட வேண்டும். ஐந்தொகையில் 'பணிப்பாளர் கடன்' என்றிருப்பது பல வேளைகளில் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உடன்பிறப்புகள் அனுப்பிய பணமாக இருக்கும். வங்கிக்கடன் தீர்ந்த பின்னரே அது திருப்பிக் கொடுக்கப்படும் என எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிடின், அதனை மூலதனமாகக் கொள்ளாமல் கடனாகவே கணக்கிடுக.

அடுத்தது கடன் தாங்குதிறன். குருநகரில் நண்டும் இறாலும் பதப்படுத்தி அனுப்பும் ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆண்டு விற்பனை 24 கோடி ரூபாய். நிலுவைக் கடன் 10 கோடி. தொழிற்பாட்டிலிருந்து கிடைக்கும் காசு 4.2 கோடி, ஆண்டுத் தவணையும் வட்டியும் 3 கோடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் விகிதம் 1.4 என்பதால் யாருக்கும் திருப்தி ஏற்படும். ஆனால் 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக் கடனில் அவ்வளவும் ஏறினால் கட்ட வேண்டியது 3.7 கோடியாகி, விகிதம் 1.14 ஆகக் குறையும். அதே ஆண்டில் கொள்வனவாளர் ஒரு மாதம் தாமதித்துப் பணம் தந்தால் மேலும் 2 கோடி வருமதியில் முடங்கி, விகிதம் 0.6க்கு இறங்கிவிடும். இலாப நட்டக் கணக்கில் இந்தத் தாமதத்தின் தடயமே தெரியாது.

கம்பனி கடனைக் கட்டத் தவறுமா என முன்கூட்டிக் கணிக்கும் மாதிரிகளைப் பொறுத்தவரை, பங்கு விலையை ஆதாரமாகக் கொண்ட மேட்டன் மாதிரி பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நம் கம்பனிகளுக்கு உதவாது. கம்பனி முறிவைக் கணிக்கும் ஓல்ட்மனின் 1968ஆம் ஆண்டுச் சூத்திரமும் பங்குகளின் சந்தைப் பெறுமதியைக் கேட்பதால், அவரது பிந்திய வடிவத்தைப் பயன்படுத்தலாம். அதில் தொழிற்படு மூலதனம், நிறுத்திவைத்த இலாபம், வட்டிக்கும் வரிக்கும் முந்திய இலாபம் ஆகியவற்றை மொத்தச் சொத்தால் வகுத்து முறையே 6.56, 3.26, 6.72 ஆல் பெருக்கி, உரிமையாளர் மூலதனத்தை மொத்தப் பொறுப்பால் வகுத்து 1.05 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 1.1க்குக் கீழே அபாயம், 2.6க்கு மேலே பாதுகாப்பு. இந்த நிறைகள் அமெரிக்கக் கம்பனிகளிலிருந்து பெறப்பட்டவை. ஆகவே விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்க. சொந்தத் தரவில் மாதிரி அமைப்போர், கொவிட் காலத் தவணைச் சலுகை பல தவறுகைகளை (கடன் கட்டத் தவறியமையை) மறைத்திருக்கும் என்பதையும், யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி போரினால் மூடப்பட்டிருந்த காலத்துப் பதிவுகள் இன்றைய வணிகத்துக்குப் பொருந்தா என்பதையும் கருத வேண்டும்.

இனி உறுதியைக் கையிலெடுக்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணின் அசையாச் சொத்தாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கட்டாய விற்பனையில், செலவும் காலதாமதமும் போக, 10 கோடிக் கடனுக்கு 6 கோடிதான் மீளும் என்றால் இழப்பு வீதம் 40%. தவறுகை நிகழ்தகவு 4% எனின் எதிர்பார்க்கும் இழப்பு (10 கோடி × 40% × 4%) 16 இலட்சம்; மேற்கண்ட நெருக்கடி அந்த நிகழ்தகவை 8% ஆக்கினால் 32 இலட்சம். பயன்படுத்தாத மேலதிகப்பற்று (கணக்கிலுள்ள மீதிக்கு மேல் எடுக்க வங்கி அனுமதிக்கும் தொகை) எல்லையையும் கடன்தொகையில் சேர்க்க மறக்கலாகாது, ஏனெனில் தவறுவதற்கு முன் அதை முழுவதும் எடுத்துவிடுவார்கள்.

2018 முதல் நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9இன்படி, தவணை 30 நாட்களுக்கு மேல் பிந்தினால் இடர் கணிசமாகக் கூடியதாக எடுகோள் கொண்டு, மாறாகக் காட்ட ஆதாரம் இல்லாவிடின், கடனின் ஆயுட்காலம் முழுவதற்குமான எதிர்பார்க்கும் இழப்புக்குத் தொகை ஒதுக்க வேண்டும். அதுவரை காத்திராமல், மேலதிகப்பற்று எல்லையிலேயே தேங்கி நிற்பதையும் காசோலைகள் திரும்புவதையும் மாதந்தோறும் பார்த்து வருக.