பல்கலைக்கழகக் கலந்துரையாடல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பேசாதவர்களை மறந்துவிடாமல் இருக்க

சமூகப் பிரச்சினைகளைப் பற்றியும் வளாக வாழ்க்கையைப் பற்றியும் மாணவர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கலந்துரையாடல்கள் பல்கலைக்கழகங்களில் அடிக்கடி நடக்கின்றன. பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், மன அழுத்தம், கட்டண உயர்வு, ஒப்படைப்புகளை எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது என்று பேசுபொருள் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டுபவர்களின் பெரிய அச்சம், கூச்சல் குழப்பம் வந்துவிடுமோ என்பதுதான். இத்தகைய கூட்டங்கள் பலவற்றை ஒருங்கிணைத்த அனுபவத்தில் எனக்கு வேறொரு கவலை உண்டு. சண்டையில் முடிந்த கூட்டங்கள் ஓரிரண்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பேச வேண்டியவர்கள் பேசாமலேயே எழுந்துபோன கூட்டங்களோ ஏராளம். அதற்குக் காரணமான தவறுகளில் பல, கூட்டம் தொடங்கும் முன்பே, நல்ல எண்ணத்தோடுதான் செய்யப்படுகின்றன.

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்ற வழக்கை இங்கே பின்பற்றுவதுதான் முதல் தவறு. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்கிறார், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், யாரும் மறுக்கவில்லை. உடனே 'அனைவரும் ஏற்றுக்கொண்டனர்' என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடுகிறது. 'நமக்கு மட்டும்தான் இதில் உடன்பாடில்லை போலிருக்கிறது' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடும். டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்னும் உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வளாகத்தில் மது அருந்தும் வழக்கத்தைப் பற்றித் தங்களுக்கு இருந்த தயக்கம் மற்ற மாணவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை என்று மாணவர்கள் நம்பினார்கள். பலரும் ஒரே நேரத்தில் அப்படி நம்பியதால், தயக்கத்துக்குரிய ஒரு வழக்கம் எல்லோருக்கும் உவப்பானது போலத் தோற்றம் கொண்டது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களை வரவேற்கிறோம் என்ற பெயரில் நடக்கும் சீண்டல்களைப் பற்றிய கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால், அதற்கு என்ன பொருள் என்பதை இந்த ஆய்வை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

அதிகாரம் உள்ளவரையும் அவருக்குக் கட்டுப்பட்டவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, 'இங்கே எல்லோரும் சமம்' என்று அறிவிப்பது இதனோடு சேர்ந்தே வரும் தவறு. இதை நானும் செய்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களின் வேலைச்சுமையைப் பற்றிய கூட்டம் அது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தோம். பட்டம் பதவி சேர்க்காமல் பெயர் சொல்லியே பேசிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தோம். அவர்களுடைய ஆய்வு நெறியாளர்கள் மூவர் ஆர்வத்தோடு வந்திருந்து, 'தயங்காமல் பேசுங்கள்' என்று தாங்களே மாணவர்களை ஊக்கப்படுத்தினார்கள். நாற்பது நிமிடங்கள் போயின. நூலகம் சீக்கிரம் மூடப்படுவதையும் அச்சு இயந்திரம் பழுதாகிக் கிடப்பதையும் தவிர வேறொன்றும் பேச்சில் வரவில்லை. முடிவில், பெயர் போடாமல் ஒரு வரி எழுதித் தரும்படி துண்டுச்சீட்டுகளைக் கொடுத்தேன். திரும்பி வந்த சீட்டு ஒன்றில், 'விடுப்பு கேட்டால் ஆய்வேட்டில் கையெழுத்து தள்ளிப்போகும்' என்று எழுதியிருந்தது. இன்னொரு சீட்டில் எழுத்துகள் எல்லாம் கோணல்மாணலாக, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடந்தன. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ இடக்கையால் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மதிப்பெண்ணையும் கையெழுத்தையும் பரிந்துரைக் கடிதத்தையும் தன் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரிடமிருந்து அவற்றை எதிர்பார்த்து நிற்பவர் அவர் முன்னால் குறை சொல்ல மாட்டார். அதற்குப் பிறகு நான் நடத்தும் கூட்டங்களில், நெறியாளர்களும் அவர்களுடைய மாணவர்களும் முதலில் தனித்தனி அறைகளில் பேசி, தொகுத்த கருத்துகளோடு மட்டுமே ஒன்றுகூடுகிறார்கள்.

சம நிலையில் இருப்பவர்களின் கூட்டத்திலும் யார் முதலில் பேசுகிறார் என்பதைத் தற்செயலுக்கு விடக் கூடாது. பத்து நாடுகளில் ஏறத்தாழ 250 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அவையில் இருந்த எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில்கூடப் பெண்கள் கேள்வி கேட்கவில்லை என்பது தெரியவந்தது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டபோது அந்த இடைவெளி மேலும் கூடியிருந்தது. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளில், கண்ணெதிரே இருந்த கோடுகளின் நீளத்தைப் பற்றிக்கூட, மற்றவர்கள் எல்லோரும் தவறாகச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான விடைகள் அந்தத் தவறோடு ஒத்துப்போயின. ஒரே ஒருவர் மாற்றிச் சொல்லிவிட்டால் போதும், அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே பேச்சைத் தொடங்கும் முன் எல்லோரும் இரண்டு நிமிடம் தத்தம் கருத்தைத் தாளில் எழுதிக்கொள்வது, பிறகு இருவர் இருவராகப் பேசிக்கொள்வது, அதன் பின்பே அவையில் பேசுவது என்ற வரிசையை வைத்துக்கொள்வது நல்லது. எழுதிவிட்ட கருத்தை மாற்றிக்கொள்வதற்கு ஒரு காரணமாவது தேவைப்படும். எழுதாத கருத்து பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே மாறிவிடும்.

கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே அடுத்த கேள்விக்குத் தாவுவது நடத்துநரின் பொறுமையின்மை. மேரி பட் ரோ என்னும் கல்வி ஆய்வாளர் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்து 1970களில் எழுதியபோது, ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடி அளவே இருப்பதையும், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீள்வதையும், பேசாத மாணவர்கள் பேசத் தொடங்குவதையும் பதிவு செய்தார். சாதி, நிறம், மதம், உடல், பணம் போன்றவற்றைத் தொடும் கேள்விக்கு மூன்று விநாடி போதாது. நான் மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணுவேன். பத்தைத் தாண்டும்போது அறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்கும், யாராவது தொண்டையைக் கனைப்பார்கள், அந்த அமைதியைக் கலைத்துவிட வேண்டும் என்று நமக்கே தோன்றும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

தலைப்பை அகலமாக வைப்பது இன்னொரு தவறு. 'கருத்துச் சுதந்திரம்: ஒரு கலந்துரையாடல்' என்று அறிவித்தால், ஏற்கெனவே மேடையில் பேசிப் பழகியவர்கள் வந்து, ஏற்கெனவே பேசியதையே பேசிவிட்டுப் போவார்கள். 'மாணவர் அமைப்பு ஒன்று அழைக்கும் பேச்சாளரை வேறோர் அமைப்பு எதிர்க்கும்போது நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால், ஒவ்வொருவரும் தம் நிலைப்பாட்டின் விளைவு வரை யோசித்தாக வேண்டும். லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் ஆகியோர் யேல் பல்கலைக்கழகத்தில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்பதைப் படிப்படியாக விளக்கச் சொன்னபோது, தமக்கு அது நன்றாகத் தெரியும் என்று முன்பு சொன்னவர்கள் தம் மதிப்பீட்டைத் தாமே குறைத்துக்கொண்டார்கள். ஆகையால் 'ஏன் இதை ஆதரிக்கிறீர்கள்?' என்று கேட்பதைவிட, 'இது நடைமுறைக்கு வந்தால் விடுதியில் திங்கட்கிழமை காலை என்ன மாறும்?' என்று கேட்பதே பேச்சை முன்னே நகர்த்துகிறது.

கலந்துரையாடலை விவாதப் போட்டியாக நடத்துவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கைதட்டலும் நடுவரும் தீர்ப்பும் இருக்கும் இடத்தில் யாரும் தம் மனத்தை மாற்றிக்கொள்வதில்லை.

ஒரு சமூகத்தைச் சேர்ந்த ஒரே ஒருவரை அவையில் வைத்துக்கொண்டு, 'உங்கள் தரப்பு இதைப் பற்றி என்ன நினைக்கிறது?' என்று கேட்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் ஆய்வகத்தின் கதவு அகலத்தைப் பற்றிப் பேச வந்திருப்பார். உலகிலுள்ள எல்லா மாற்றுத்திறனாளிகளின் சார்பிலும் விடை சொல்லும்படி அவரைக் கேட்பார்கள். அவர் சொல்வது அவருடைய அனுபவம். அதற்கு உரிய மதிப்பு அதனாலேயே உண்டு. மேலும், தம் காயத்தைத் திறந்து காட்டி மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவது அவருடைய கடமையும் அல்ல. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் நடந்துவரும் குழுக்களிடை உரையாடல் திட்டத்தில், வெவ்வேறு சமூகப் பின்னணியைக் கொண்ட இரு தரப்பினரையும் கூடுமானவரை சம எண்ணிக்கையில் சேர்த்து, தரப்புக்கு ஒருவராகப் பயிற்சி பெற்ற இரண்டு நடத்துநர்களை அமர்த்துகிறார்கள். பேச்சும் ஒரே மாலையில் முடியாமல் பருவம் முழுவதும் நீள்கிறது. அவ்வளவு வசதி எல்லோருக்கும் வாய்க்காது. இருந்தாலும், ஒருவரைத் தனியாக நிற்க வைக்காமல் இருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

யாரை அழைக்கிறோம் என்பதில் நேரும் தவறுக்கு வருகிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, விரும்பியவர் வரட்டும் என்று விட்டால், ஒரே கருத்துள்ளவர்களே கூடுவார்கள். ஒத்த கருத்துள்ளவர்கள் தமக்குள்ளேயே பேசினால் அந்தக் கருத்து மேலும் தீவிரமடைகிறது என்பதைச் செர்ஜ் மொஸ்கோவிசியும் மரீசா சவல்லோனியும் பிரெஞ்சு மாணவர்களிடம் செய்து 1969இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டிவிட்டார்கள். பலதரப்பட்டவர்கள் வந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. கேரல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் தலைவர் பதவிக்குரிய வேட்பாளர்களைப் பற்றி நால்வர் கொண்ட குழுக்கள் பேசின. எல்லோருக்கும் தெரிந்த தகவல்களையே அவர்கள் திரும்பத் திரும்பப் பேசினார்கள், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் பெரும்பாலும் வெளியே வரவில்லை. வளாகத்தில் அப்படி ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் யாரிடம் இருக்கிறது? இரவில் விடுதி வாயிலில் இருக்கும் காவலருக்குத் தெரியும், எந்த நேரத்தில் யார் அழுதுகொண்டே வெளியே போகிறார்கள் என்று. உணவுக்கூடத்தில் பரிமாறுபவருக்குத் தெரியும், யார் வாரக்கணக்கில் ஒருவேளை மட்டுமே சாப்பிடுகிறார் என்று. மாணவர் மனநலம் பற்றிய கூட்டத்துக்குப் பேராசிரியர்களையும் ஆலோசகர்களையும் அழைத்துவிட்டு இவர்களை விட்டுவிடுகிறோம். அழைத்தாலும், அவர்களின் பணி நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, வரவில்லை என்று குறைப்படுகிறோம். பணி நேரத்திலேயே சம்பளத்தோடு வர ஏற்பாடு செய்யுங்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து நேரில் அழையுங்கள். 'உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்றே முதல் கேள்வியை அமையுங்கள்.

அறையில் பேசியது வெளியே எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் தொடங்குவது ஆபத்தானது. லண்டனில் 1927இல் வகுக்கப்பட்ட சாத்தம் ஹவுஸ் விதியைப் பலர் கையாளுகிறார்கள். ஆனால் அதை முழு இரகசியம் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த விதிப்படி, கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம். அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது. சிறிய துறையில் இது மட்டும் போதாது. 'மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒரு தாய் சொன்னார்' என்றால், மூன்றாம் ஆண்டு மாணவர்களில் தாயாக இருப்பவர் ஒருவரே என்னும்போது பெயரே சொன்னது போலத்தான். கைபேசியில் பதிவு செய்து ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி வெளியிடுவதால் வரும் சேதம் எல்லோருக்கும் தெரியும். அதே நேரத்தில் நடத்துநர், 'இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று வாக்களிக்கவும் கூடாது. பாலியல் துன்புறுத்தலைக் கேள்விப்பட்ட ஊழியர் அதை உரியவர்களிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அந்த எல்லையைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒருவர் மனம் திறந்த பிறகு சொல்வது அவருக்குச் செய்யும் துரோகம்.

கடைசியாக, முடிவு எடுத்துவிட்ட விஷயத்துக்குக் கருத்துக் கேட்பது. கட்டணம் உயர்த்தப்படுவது உறுதியாகிவிட்டது என்றால், 'உயர்த்தலாமா?' என்று கேட்காமல், 'உயர்வால் பாதிக்கப்படுபவர்களுக்கு உதவித்தொகையை எப்படிப் பிரிக்கலாம்?' என்று கேட்பதே நேர்மை. எது பேச்சுக்கு உட்பட்டது, எது உட்படாதது, முடிவெடுப்பவர் யார், அவர் எப்போது பதில் சொல்வார் என்ற நான்கையும் அழைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். கூட்டம் முடிந்த இரண்டு வாரங்களுக்குள், வந்தவர்கள் அனைவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு போய்ச் சேர வேண்டும். அதில் ஏற்கப்பட்ட யோசனைகளோடு, ஏற்கப்படாதவையும் அவற்றுக்கான காரணங்களும் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் வந்தவற்றையும், எழுதியவரை அடையாளம் காட்டிவிடாதபடி வாசகத்தை மாற்றி, அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடக்கையால் எழுதியவர் தம் வரி அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்.